சமரச மையத்துக்கு மூன்றரை நட்சத்திரம்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வழக்கைப் பேசித் தீர்க்கக் கோர்ட் அனுப்பிவைக்கிற இந்த மையத்துக்கு ஏற 26 படி. நடுவில் ஒரு திருப்பம், அந்தத் திருப்பத்தோடு கைப்பிடியும் முடிந்துவிடுகிறது. பாகப்பிரிவினை என்று கோர்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டிவலிக்காரர்கள். அவர்களுக்கான இடத்தைக் கொண்டுபோய் மாடியில் வைத்தவரை ஒருநாள் எதிரே உட்காரவைத்து சமரசம் பேசவேண்டும்.

அந்தப் படியை நான் ஐந்து தடவை ஏறியிருக்கிறேன். அதற்கு முன்னால், அதே வளாகத்தில் கீழே, சார்பு நீதிமன்ற வராந்தாவில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். இரண்டையும் பார்த்தவள் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். டெல்டாவில் ஒரு மாவட்டத் தலைநகர் என்பதற்கு மேல் ஊரைச் சொல்லப்போவதில்லை. எதிர்வாதிகள் மூன்று பேரும் என்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இப்போதுதான் மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறோம்.

சொத்து ஒன்றும் ஜமீன் இல்லை. 12 மா நஞ்சை. எங்கள் பக்கம் நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர். அப்புறம் ஒரு ஓட்டு வீடு, கொல்லையில் 11 தென்னை. எல்லாம் தாத்தா வழி வந்தது. அப்பா 1998-ல் உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மா 2012-ல். நான் மூத்தவள், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள், கடைசியில் தங்கை. டெலிபோன்ஸில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2020 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன்.

என் கல்யாணம் 1984-ல். தங்கை கல்யாணம் 1993-ல். இடையில் இருக்கிற ஒன்பது வருஷத்துக்கு ஒரு விலை உண்டு என்பது வக்கீல் ஆபீஸுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் சட்டம். நாடு முழுக்க வருவதற்குப் பதினாறு வருஷம் முன்னாடியே வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது கிடையாது. ஆக, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில் தங்கை தம்பிகளுக்குச் சமம், நான் இல்லை. அந்தக் கணக்கில் அப்பா, இரண்டு தம்பிகள், தங்கை என நாலு பங்கு. அப்பாவின் கால் பங்கு மட்டும் அம்மாவுக்கும் நாலு பிள்ளைகளுக்குமாக ஐந்தாகப் பிரியும். அம்மா போன பிறகு அவர் பங்கு எங்களுக்குள் நாலாகப் பிரியும். கடைசியில் என் கைக்கு வருவது பதினாறில் ஒன்று. 12 மாவில் முக்கால் மா, அதாவது 75 குழி. மற்ற மூவருக்கும் ஆளுக்கு மூன்றே முக்கால் மா.

2005 செப்டம்பர் 9-ல் மத்திய சட்டத்தை, அதாவது இந்து வாரிசுரிமைச் சட்டத்தை, திருத்தினார்கள். அதில் கல்யாணத் தேதி பேச்சே இல்லை, மகளும் மகனும் சமம். அந்தக் கணக்கில் எனக்கு மூன்று மா. இதை நம்பித்தான் 2014-ல் வழக்குப் போட்டேன். அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம், பிரகாஷ் - பூலாவதி வழக்கில், 2005-ல் அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. எங்கள் அப்பா அதற்கு ஏழு வருஷம் முன்பே போய்விட்டாரே! மூன்று மா ஒரே நாளில் முக்கால் மா ஆனது. 2018-ல் தானம்மா வழக்கில் வேறு மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. எதைக் காட்டி வாதாடுவது என்று என் வக்கீலுக்கே தடுமாற்றம். கடைசியாக 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள்: உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்றைக்கு இருந்தாரா என்று பார்க்கவேண்டியதில்லை. மறுபடி மூன்று மா. அந்த ஆறு வருஷத்தில் நான் வயலில் கால் வைக்கவே இல்லை. நிலம் மட்டும் என் கணக்கில் சுருங்குவதும் விரிவதுமாக இருந்தது.

இதில் யாரும் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. எனக்குக் கூடுகிற 225 குழி மற்ற மூவரிடமிருந்தும் ஆளுக்கு 75 குழியாக வரவேண்டும். தங்கையிடமிருந்தும்தான். அவள் ஏன் தம்பிகள் பக்கம் போய் நின்றாள் என்று ரொம்ப நாள் புரியாமல் அழுதிருக்கிறேன். கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அழவில்லை, கோபம்தான் வந்தது.

கீழே கோர்ட்டில் எனக்குக் கிடைத்த சேவையைப் பற்றியும் கொஞ்சம் சொன்னால்தான் மாடியின் அருமை தெரியும். முதல் இரண்டு வருஷம் போனது அரிசி மூட்டையில். அம்மா இருந்தவரை வருஷத்துக்கு இரண்டு மூட்டை அரிசி எனக்கு வந்துகொண்டிருந்தது. நான் கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன், அதாவது சொத்தின் பலனில் எனக்கும் சேர்ந்து வருகிறது என்றால் ஒரு நிலையான சிறு தொகைதான் கோர்ட் கட்டணம். அனுபவத்தில் இல்லை, வெளியேற்றப்பட்டவள் என்றால் என் பங்கின் சந்தை மதிப்பில் நூற்றுக்கு ஏழரை கட்டவேண்டும். அப்போது அதுதான் விகிதம், 2017-ல்தான் மூன்றாகக் குறைத்தார்கள். ஆக, அந்த இரண்டு மூட்டை அரிசி கூட்டு அனுபவமா, அல்லது மகளுக்கு அம்மா பிரியத்தில் கொடுத்ததா? இதற்கு ஐ.ஏ. என்கிற இடைக்கால மனு போட்டு, எதிருரை போட்டு, வாதம் நடந்தது. என்ன ரக அரிசி என்றுகூட ஒருநாள் கேட்டார்கள். பொன்னி.

முதல் வக்கீல் வாய்தாவுக்கு வாய்தா பணம் வாங்கினார், வந்தாரோ வரவில்லையோ. இரண்டாவது வக்கீல் மொத்தமாகப் பேசி, மூன்று தவணையில் வாங்கினார். வேலையும் செய்தார். என் டைரிக் கணக்கில் 61 வாய்தா. இ-கோர்ட்ஸ் செயலி வந்த பிறகு ஒரு நிம்மதி: வழக்குக்குக் கொடுத்திருக்கிற 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதி கைபேசியிலேயே தெரிந்துவிடும். குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சவேண்டாம். அந்தச் செயலிக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

தம்பிகள் தரப்பு வாதம், 1999-லேயே வாய்மொழியாகப் பாகம் ஆகிவிட்டது, பட்டா எங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பது. 2005 திருத்தப்படி, 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவுசெய்த பாகப்பிரிவினை என்றால் செல்லும். வாய்மொழி என்று சும்மா சொன்னால் இப்போது லேசில் ஏற்பதில்லை, ஆனால் அரசாங்க ஆவணங்கள் பலமாக இருந்தால் கதவு முழுதாக மூடவும் இல்லை. பட்டா வரிக்குத்தான், உரிமைக்கு இல்லை என்று என் வக்கீல் தைரியம் சொல்வார். சொல்லிவிட்டு, "இருந்தாலும்..." என்று ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பில் எத்தனையோ ராத்திரி தூக்கம் போயிருக்கிறது. தம்பிகளுக்கும் அவர்கள் வக்கீல் இதே மாதிரி ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

இந்த நிலைமையில்தான், கொரோனாவுக்கு அப்புறம், 2022 கடைசியில் புதிதாக வந்த நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் எங்களைச் சமரசத் தீர்வு மையத்துக்கு அனுப்பினார். எனக்கு அப்போது நம்பிக்கையே இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டாமைக்காரர் முன்னால் ஒரு தடவை பட்டிருக்கிறேன். "பொம்பளைப் பிள்ளை போன இடத்துல நல்லாத்தானே இருக்கு" என்று முடித்துவிட்டார்கள். இதுவும் அந்த மாதிரி ஒரு திண்ணைதான் என்று நினைத்தேன்.

திண்ணை இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கியதுதான் நாட்டிலேயே நீதிமன்றத்தோடு சேர்ந்த முதல் சமரச மையம். பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. மீடியேட்டர் என்பவர் 40 மணி நேரப் பயிற்சி எடுத்த வக்கீல். அவருக்கு நாம் காசு கொடுக்கவேண்டாம். முதல் நாள் என் வக்கீலிடம் "எவ்வளவு கொடுக்கணும்?" என்று மூன்று தடவை கேட்டேன், நம்ப முடியாமல். 60 நாள் கெடு, தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். அங்கே பேசுவது எதுவும் நீதிபதிக்குப் போகாது. சமரசம் ஆனதா இல்லையா என்பது மட்டும்தான் போகும். மீடியேட்டர் தீர்ப்புச் சொல்லமாட்டார். சொல்லக் கூடாது.

எங்களுக்கு வந்தவர் ஒரு பெண் வக்கீல், ஐம்பது வயது இருக்கும். முதல் அமர்வு பாழ். அவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். பெரிய தம்பி வரவேயில்லை, வக்கீலை மட்டும் அனுப்பினான். தங்கை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மேஜை வட்டமாக இருப்பதில் பெரிய விஷயம் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் மேஜை ஒரு பக்கம் ஆடியது, காகிதத்தை மடித்து அடியில் வைத்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்து மேஜையில் ஒரு விவாகரத்து நடந்துகொண்டிருந்தது. நடுவில் இருப்பது பலகைத் தடுப்புதான் என்பதால் அவர்கள் பேசுவது பூராவும் எங்கள் காதில் விழுந்தது. ரகசியம் காக்கப்படும் என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள், அந்தச் சுவர் கூரை வரைக்கும் போனால் நன்றாக இருக்கும். இதற்காக ஒரு முழு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

இரண்டாவது அமர்வில் எல்லோரும் வந்தார்கள். மீடியேட்டர் வழக்குக் கட்டைத் திறக்கவே இல்லை. "உங்க அம்மா கடைசி காலத்துல யார்கிட்ட இருந்தாங்க?" என்று கேட்டார். சின்னத் தம்பிதான் அம்மாவைப் பார்த்தவன். டயாலிசிஸ், வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்றரை வருஷம். அவன் வாயைத் திறந்தான். ஒன்றரை மணி நேரம் மூடவில்லை. எத்தனை தடவை அக்காவுக்குப் போன் போட்டேன், எத்தனை தடவை டியூட்டி என்று சொன்னாள், ஆஸ்பத்திரி பில் எவ்வளவு, எல்லாம் தேதிவாரியாக. எங்கள் பிராதிலும் எதிருரையிலும் அம்மா ஒரே ஒரு வரிதான்: 2012-ல் காலமானார். எட்டு வருஷமாக நாங்கள் சண்டை போட்டது அப்பா சொத்துக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் முறை. 1984-லேயே 25 பவுன் போட்டு அனுப்பியாச்சே என்று பெரிய தம்பி ஆரம்பித்தான். சீர் வேறு, பங்கு வேறு என்று சட்டம் பேச வாயெடுத்த என் வக்கீலை மீடியேட்டர் கையமர்த்தினார். "அந்த 25 பவுன் எங்கே போச்சும்மா?" என்று என்னிடம் கேட்டார். 1991-ல் பெரிய தம்பி ட்ராக்டர் வாங்க நான்தான் 10 பவுனைக் கழற்றிக் கொடுத்தேன். அதில் நாலு திரும்பி வந்தது. இதை நான் கோர்ட்டில் சொன்னதில்லை, சொல்வதற்கு அங்கே இடமும் இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவிக்கு அன்றைக்குத்தான் அந்த விஷயமே தெரியும் என்று அவள் முகத்தில் தெரிந்தது. வீட்டுக்குப் போய் என்ன நடந்ததோ, அடுத்த தடவையிலிருந்து அவன் சரியான நேரத்துக்கு வர ஆரம்பித்தான்.

தனி அமர்வு என்று ஒன்று உண்டு. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே என்னிடம் அவர் கேட்டது: "முதல்நிலைத் தீர்ப்பாணை உங்களுக்குச் சாதகமாவே வரட்டும். அப்புறம்?" அந்தத் தீர்ப்பாணை யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும்தான் சொல்லும். அப்புறம் கோர்ட் நியமிக்கிற வக்கீல் கமிஷனர் வருவார், சர்வேயரோடு அளப்பார், அறிக்கை போடுவார், அதற்கு ஆட்சேபணை, இறுதித் தீர்ப்பாணைக்கு மனு, நடுவில் மேல்முறையீடு. எனக்கு அப்போது 60. சின்னத் தம்பிக்கு இரண்டு ஸ்டென்ட். அவர் பயமுறுத்தவில்லை, வருஷத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன்.

மூன்றாவது அமர்வைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த இடத்தின் மதிப்பு எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. நிலத்தைச் சரியாக நாலாகப் பிரித்தால் தீர்ந்தது என்று கோர்ட் நினைக்கும். 12 மாவும் ஒரே மாதிரி மண் இல்லை. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற மூன்று மாவுக்கு மடை திறந்தவுடன் தண்ணீர். கடைசியில் இருப்பதற்கு, மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் ஜூலையில்தான் தரை நனையும். அந்தக் குறையைத் தீர்ப்பது ஒரு ஆழ்துளைக் கிணறு. 5 ஹெச்.பி. மோட்டார், அப்பா பெயரில் இலவச மின் இணைப்பு. இன்றைக்குப் புதிதாக அந்த மாதிரி ஒரு இணைப்பு வாங்கவேண்டும் என்றால் வரிசையில் நிற்கவேண்டும். நாலு பங்கில் மோட்டார் யார் பங்கில் விழுகிறதோ அவர் ராஜா, மற்ற மூவரும் அவர் தயவில். எட்டு வருஷ வழக்குக் கட்டுக்குள், சொத்து விவரப் பட்டியலில், இந்த மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வழக்குப் போட்டபோது எனக்கே தோன்றவில்லை. நான்தான் வயலுக்குப் போனதே இல்லையே.

அன்றைக்கு வக்கீல்கள் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய தம்பி ஒரு வெள்ளைத் தாளில் வயலை வரைந்தான். வாய்க்கால், மடை, வண்டிப்பாதை, புங்கமரம், மோட்டார் கொட்டகை. சின்னத் தம்பி, "டேய் அண்ணா, பாதை அங்க இல்ல, வரப்புக்கு இந்தப் பக்கம்" என்று பேனாவைப் பிடுங்கினான். இரண்டு பேரும் பத்து வருஷம் கழித்து ஒரே தாளில் குனிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தங்கையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். முடிவில் எழுதியது இதுதான்: கடைமடைப் பங்குக்கு 330 குழி, மற்ற மூன்றுக்கும் 290 குழி. மோட்டார் யார் பங்கில் விழுந்தாலும் தண்ணீர்ப் பாத்தியம் நாலு பேருக்கும். ஆளுக்கு ஒருநாள் முறை, நாலு நாளைக்கு ஒரு சுற்று. குழாய் போக மூன்றடி. ரிப்பேர்ச் செலவு நாலில் ஒன்று. வண்டிப்பாதை பொது. எந்தத் தீர்ப்பாணையிலும் இவ்வளவு நுணுக்கம் வந்திருக்காது. நீதிபதிக்கு மனசில்லாமல் இல்லை, எங்களில் யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டோம்.

வீடு நாலாவது அமர்வில். வீட்டை நாலாக வெட்ட முடியாது. கோர்ட்டுக்கு விட்டால் 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணமாகப் பிரிக்கிற வரைக்கும் போகலாம். பெரிய தம்பிக்கும் சின்னத் தம்பிக்கும் இரண்டு பேருக்குமே வீடு வேண்டும். மீடியேட்டர் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார். "ஒரு விலை எழுதுங்க. அந்த விலைக்கு வாங்கவும் தயாரா இருக்கணும், விட்டுக்கொடுக்கவும் தயாரா இருக்கணும்." பெரியவன் 16 லட்சம், சின்னவன் 13 லட்சம். வீடு பெரியவனுக்கு, மற்ற மூவருக்கும் ஆளுக்கு 4 லட்சம், இரண்டு தவணை. என் பங்கில் 50,000, தங்கை பங்கில் 50,000 அம்மா ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று சின்னத் தம்பிக்குப் போனது. அவன் கேட்டது மூன்று லட்சம். தொகையை விட, எதற்காக என்று ஒப்பந்தத்தில் எழுதவேண்டும் என்பதில்தான் அவன் பிடிவாதமாக இருந்தான். எழுதினோம். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி தங்கையிடம் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது, மீடியேட்டர் என்னைப் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

ஐந்தாவது நாள் சீட்டுக் குலுக்கினோம். கேன்டீன் டம்ளரில் நாலு சீட்டு. எடுத்தது டீ கொண்டுவந்த பையன். எனக்கு இரண்டாவது பங்கு. மோட்டார் சின்னத் தம்பிக்கு, கடைமடை தங்கைக்கு. தலைமடை யாருக்கு என்று சொல்லவேண்டுமா? பெரியவனுக்கு எப்போதும் அதிர்ஷ்டம்தான்.

இவ்வளவு நன்றாகப் போனதை ஒரு எழுத்து கெடுத்தது. இதற்குத்தான் இன்னொரு அரை நட்சத்திரம் குறைத்தேன். புல எண் 112/3ஏ என்று இருக்கவேண்டிய இடத்தில் 112/3 என்று தட்டச்சாகிவிட்டது. நாங்கள் நாலு பேர், வக்கீல்கள், மீடியேட்டர், எல்லோரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டோம், ஒருவரும் பார்க்கவில்லை. பத்திரம் எழுதுபவர்தான் வில்லங்கச் சான்றோடு ஒப்பிட்டுவிட்டு, "என்னம்மா இது, உங்களுது இல்லாத நிலத்தையும் சேர்த்துப் பாகம் பிரிச்சிருக்கீங்க" என்றார். அது ஏப்ரல் மாதம். திருத்த மனு போடுவதற்குள் மே மாதக் கோடை விடுமுறை. திருத்தம் கைக்கு வந்து பதிவுக்குப் போனபோது 2023 ஆகஸ்ட். அதற்குள் ஜூலை 10-லிருந்து குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்குப் பதிவுக் கட்டண உச்சவரம்பு பாகம் ஒன்றுக்கு 4,000-லிருந்து 10,000 ஆகிவிட்டது. முத்திரைத் தீர்வை உச்சவரம்பும் 25,000-லிருந்து 40,000 ஆனது. எங்கள் பாகங்கள் முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பைத் தொடவில்லை, ஆனால் பதிவுக் கட்டணத்தில் பாகத்துக்கு 6,000 தண்டம். ஒரு 'ஏ'வின் விலை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு ராத்திரி வைத்துப் படிக்கக் கேளுங்கள். "இப்பவே முடிச்சிடலாம்மா, மனசு மாறிடும்" என்பார்கள். ஒரு புல எண்ணைச் சரிபார்ப்பதால் மாறுகிற மனசு, பதிவாளர் ஆபீஸ் வாசலிலும் மாறும்.

கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைத்தது. சமரசத்தில் முடிந்தால் தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவில் முழுதாகத் திருப்பித் தருகிறார்கள். மையத்துக்குப் போகாமல் நீங்களாகவே வெளியே பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. சந்தை மதிப்பில் கட்டணம் கட்டியவர்களுக்கு இது பெரிய தொகை. நான் கட்டியது நிலையான கட்டணம் என்பதால், திரும்பி வந்த பணம் அதை வாங்கப் போய்வந்த பஸ்ஸுக்கும் ஒரு காபிக்கும் சரியாகப் போனது.

எல்லோரையும் அங்கே போகச் சொல்லமாட்டேன். போலிப் பத்திரம், சந்தேகமான உயில், ஏற்கெனவே வெளியாளுக்குக் கிரயம் பண்ணிவிட்ட பங்கு என்றால் முதலில் கோர்ட்தான். எதிர்தரப்பு நாளைக் கடத்தத்தான் வருகிறது என்று தெரிந்தால் முதல் அமர்விலேயே எழுந்துவிடுங்கள். எங்களுக்கு வேலை செய்ததற்கு ஒரு காரணம், கோர்ட்டில் எட்டு வருஷம் ஓடியிருந்தது. விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை இருந்தது. 2020 தீர்ப்புக்கு அப்புறம் என்னை யாரும் முக்கால் மாவில் மடக்க முடியாது என்று தம்பிகளுக்குத் தெரிந்திருந்தது. 2014-லேயே, அந்தப் பலம் இல்லாமல், என்னை அந்த மேஜைக்கு அனுப்பியிருந்தால் இரண்டு மூட்டை அரிசியை நாலு மூட்டையாக்கி அனுப்பிவைத்திருப்பார்கள். நானும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

போகிறவர்கள் மூலப் பத்திரத்தின் நகல், வில்லங்கம், பட்டா, புலப்படம் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம், பட்டாவும் புலப்படமும் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும். வயலைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், வக்கீலை விட அவர் உதவுவார். தண்ணீர் பாட்டில் அவசியம்.

பத்திரம் பதிந்தாயிற்று, வழக்கு முடிந்தது. தம்பிகள் இருவருக்கும் தங்கைக்கும் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வந்துவிட்டது. என்னுடையதில் புலப்படத்துக்கும் தரையில் இருக்கும் வரப்புக்கும் நாலடி வித்தியாசமாம். சர்வேயர் வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறேன் என்றிருக்கிறார். அன்றைக்கு மோட்டார் முறை என்னுடையது, சேற்றில் எப்படி அளவுச் சங்கிலி பிடிப்பது என்று சின்னத் தம்பி கத்துகிறான். அவனிடமே முறையை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.